மலையகத்தின் பாடும் அரங்கு – 9: வேசக்காரரின் குரலும் அதன் புகழும்

மலையகத் தோட்டங்களின் மூன்று பெருங்கூத்துகளான காமன்கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றின் கதையமைப்பும் சடங்கொழுங்கும் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டன. இம்மூன்றும் பாட்டினால் நடப்பவை. வசனம் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வந்துபோகிறது, ஆட்டம் பாட்டின் தாளத்தைக் காலில் வாங்கிக்கொள்கிறது, கதையை நகர்த்தும் பொறுப்போ குரலிடமே இருக்கிறது. ஆகவே ரதியாகவும் மன்மதனாகவும் சிவனாகவும் வேசம் கட்டுபவரைச் சடங்கில் பங்குகொள்பவர் என்று மட்டும் கருதாமல், இசைநாடகப் பாடகர் என்றும் கருத வேண்டும். அவ்வாறு கருதும்போது, ஐரோப்பிய ஓபராப் பாடகருக்கும் யாழ்ப்பாணத்து இசைநாடக நடிகருக்கும் கிடைத்த விமரிசனப் புகழ் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பாடியவர்களுக்கு ஏன் எழுத்தில் வந்து சேரவில்லை என்ற கேள்வி எழுகிறது. அவர்களுக்குப் புகழ் இல்லாமல் இருந்தது என்பது இதற்கு விடையாகாது. அப்புகழைத் தாங்கி வைக்கக் காகிதமும் இசைத்தட்டும் இல்லாமற் போயின என்பதே இப்பகுதியின் கருத்து.

ஓபரா என்பது வாத்தியக் குழுவின் இசையோடு, உரையாடல் முழுவதையோ பெரும்பகுதியையோ பாட்டாகவே பாடி நடிக்கும் ஐரோப்பிய நாடக வகையாகும். அதில் ஆண்குரல்கள் பொதுவாக மூன்றாகப் பகுக்கப்படுகின்றன: உச்சத்தில் பாடும் டெனர், அடித்தளத்தில் பாடும் பாஸ், இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் பாரிடோன். சாதாரணமாகப் பேசும் ஆணின் குரலுக்கு மிக நெருங்கியது பாரிடோன் குரலே. காதலனின் பாத்திரம் பெரும்பாலும் டெனருக்குச் செல்ல, தந்தை, அரசன், வஞ்சகன், நண்பன் முதலிய பாத்திரங்கள் பாரிடோனுக்கு வந்தன. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்குரலுக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தார். 1847இல் புளோரன்சில் அரங்கேறிய 'மக்பெத்'தின் தலைமைப் பாத்திரமும், 1851இல் வெனிசில் அரங்கேறிய 'ரிகொலெத்தோ'வின் தலைமைப் பாத்திரமும் பாரிடோனுக்காக எழுதப்பட்டவை. இரண்டையும் முதன்முதலில் பாடியவர் பெலிச்சே வரேசி என்ற ஒரே பாடகர். அவருடைய குரல் எப்படி ஒலித்தது என்று இன்று கேட்டறிய வழியில்லை, ஏனெனில் ஒலிப்பதிவுக் கருவி பிறக்கும் முன்பே அவருடைய மேடைக்காலம் முடிந்துவிட்டது. ஆயினும் நிகழ்ச்சி விளம்பரங்களிலும் கடிதங்களிலும் பத்திரிகை மதிப்புரைகளிலும் அவர் பெயர் எழுதப்பட்டதால், ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அவர் ஆராயப்படுகிறார்.

அவருக்குப் பின்வந்த விக்டர் மோரெல் என்ற பிரெஞ்சு நாட்டுப் பாரிடோன், வெர்டியின் 1887ஆம் ஆண்டு 'ஒத்தெல்லோ'வில் இயாகோவாகவும் 1893இல் 'பால்ஸ்டாப்'பில் தலைமைப் பாத்திரமாகவும் முதன்முதலில் மேடையேறியவர். 1907இல், குரலின் செழுமைக்காலம் கடந்திருந்த நிலையில், 'பால்ஸ்டாப்' நாடகத்தின் ஒரு நிமிடம்கூட நீடிக்காத சிறு பாடலை அவர் இசைத்தட்டுக்காகப் பாடினார். பதிவுக்கூடத்தில் இருந்த சிலர் கைதட்டி மறுபடியும் கேட்க, மீண்டும் பாடி, மூன்றாம் முறை பிரெஞ்சு மொழியிலும் பாடியது அத்தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. பாடகரின் குரலும், அதற்குக் கிடைத்த பாராட்டும், பாராட்டைக் கேட்டு அவர் மறுபடியும் பாடிய பாங்கும் ஒரே தட்டில் சேர்ந்து நிற்பதால் அந்தப் பதிவு ஒரு விமரிசன ஆவணமும் ஆகிறது. 1923இல் இங்கிலாந்தில் 'கிராமபோன்' என்னும் இதழ் தொடங்கிய பிறகு இசைத்தட்டுகளையே மதிப்பிடும் எழுத்து தனித்துறையாக வளர்ந்தது. மரியா கல்லாஸ் என்ற பாடகியுடன் தித்தோ கொபி என்ற பாரிடோன் 1953இல் பதிவுசெய்த 'தோஸ்கா' ஓபரா இன்றுவரை பிற பதிவுகளை அளக்கும் அளவுகோலாக இருப்பதும், தீத்ரிஷ் பிஷர்-டீஸ்கௌ என்ற ஜெர்மானியப் பாரிடோன் சூபர்ட்டின் பாடல்களைப் பல பத்தாண்டுகளில் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து, வயதோடு மாறிய தம் குரலையே ஒப்புநோக்க வைத்ததும் இந்த எழுத்தும் தட்டும் இணைந்ததன் விளைவுகளாகும்.

தமிழ் மேடையில் நடுத்தரத்துக்குக் கீழ் ஒலிக்கும் ஆண்குரலுக்கு நெடுங்காலம் பெரிய மதிப்பிருக்கவில்லை. இதற்கு இரசனையைவிட ஒலியியலே முதற்காரணம். ஒலிபெருக்கி வருமுன் ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்ட வேண்டுமானால் நடிகர் உச்ச சுருதியில் பாட வேண்டியிருந்தது, மேடைப் பாடகர்களான எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அடைந்த பெரும்புகழில் அவர்களுடைய சுருதியின் உயரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஓபராவின் பாரிடோன் ஒலிபெருக்கியில்லாமலே பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்பதற்குக் காரணம், பயிற்சி பெற்ற ஆண்குரலில் நொடிக்குச் சுமார் 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் திரளும் ஒரு கூடுதல் வலுவாகும். வாத்தியக் குழுவின் ஒலியாற்றல் அப்பகுதியில் குறைந்துவிடுவதால் குரல் அந்த இடைவெளியில் புகுந்து செவிக்கு வந்துவிடுகிறது. தமிழ் மேடைப் பயிற்சி இவ்வழியை நாடாமல் சுருதியை உயர்த்தும் வழியை நாடியது. திரைப்படமும் ஒலிவாங்கியும் வந்த பின்பே நிலைமை மாறிற்று. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யில் சி. எஸ். ஜெயராமனின் கனத்த குரல் கேட்டது. அடுத்த சில ஆண்டுகளில் டி. எம். சௌந்தரராஜனின் அடித்தொண்டைக் கம்பீரம் நாடு முழுவதும் ஒலித்தது. இவ்விரு குரல்களும் இலங்கை வானொலியின் வழியாகத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் காம்பராக்களுக்குள்ளும் நுழைந்து, கூத்துப் பாடகர்கள் தம் குரலைப் பற்றி எண்ணிய விதத்தையும் மாற்றின. ஆழ்ந்த குரலுடையவர் சிவனுக்கோ வீரபத்திரனுக்கோ எமனுக்கோ மட்டும் உரியவர் என்ற எண்ணம் தளர்ந்ததில் வானொலிக்குப் பங்கிருந்தது என்று கொள்வது பொருத்தமாகும்.

எனினும் தோட்டத்துக் கூத்துக்கு வானொலிக்கு முன்பே தனக்கென ஓர் ஒலியியல் தீர்வு இருந்தது. காமன்கூத்து மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் கம்பம் நடுவதில் தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டிய காமதகனத்தில் உச்சமடைகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்திலும் ஹட்டன் சுமார் 1,270 மீட்டர் உயரத்திலும் அமைந்தவை; அம்மாதத்து இரவுகளில் நுவரெலியாப் பக்கத்துப் பள்ளங்களில் புல்நுனியில் உறைபனி படிவதும் உண்டு. ஈரக்காற்றில் தப்பின் தோல் தொய்ந்து ஓசை மங்கிவிடுவதால், கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் பொறுக்கிய குச்சிகளான மிலாறைக் கொளுத்தி, அந்த நெருப்பில் தப்பைக் காட்டிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை கணீரென்று எழும்பிய பிறகே தோளில் மாட்டுகிறார்கள். இரவில் பல தடவை இது நிகழ்கிறது. காய்ச்சிய தப்பின் முழக்கத்தை எந்த மனிதக் குரலாலும் மீற முடியாது; ஆகவே கூத்து அதனோடு போட்டியிடுவதில்லை. வேசக்காரர் அடியெடுத்ததும் தப்பு தணிகிறது, உடுக்கு மட்டும் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது, அடி முடிந்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதனை வாங்கித் திருப்பிப் பாட, தப்பு மீண்டும் எழுகிறது. பாடகர் மூச்சு வாங்குவதும் அடுத்த அடியை நினைவில் கூட்டுவதும் அந்த முழக்கத்துக்குள்ளேதான். ஆழ்ந்த குரலும் இவ்வமைப்பில் பிழைத்துக்கொள்ள முடிந்தது. தப்புக்காரர் எவ்வளவு இடம் விடுகிறார் என்பதைப் பொறுத்தே ஒரு வேசக்காரரின் பாட்டு எடுபடுவதும் படாததும் முடிவாயிற்று. கூத்து வாத்தியாரின் திறமை இந்த இடம்விடலை ஒழுங்குசெய்வதிலேயே முதன்மையாகத் தெரிகிறது.

இனி இக்குரல்கள் எவ்வாறு மதிப்பிடப்பட்டன என்பதைப் பார்க்கலாம். காமன்கூத்தில் குரலுக்குச் சோதனையான இடங்கள் மூன்று உள்ளன. முதலாவது, தேவர்களின் ஓலையை மன்மதனிடம் கொண்டுவரும் தூதனின் வரவு. இங்கே பாட்டு விறைப்பாகவும் விரைவாகவும் சொல் தெளிவாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை, தீய கனவு கண்ட ரதி மறித்து, போக வேண்டாம் என்று வாதாடும் தர்க்கம். இருவரும் மாறிமாறிப் பாடும் இப்பகுதியில் ஒருவர் விட்ட சுருதியிலேயே மற்றவர் எடுக்க வேண்டியிருப்பதால், குரலின் வளத்தைவிடச் செவியின் கூர்மை சோதிக்கப்படுகிறது. மூன்றாவது, நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிந்த பின் ரதி புலம்பும் ஒப்பாரி. ரதி வேசம் கட்டுபவரும் ஆணே. பல நாள் காப்புக் கட்டி விரதமிருந்து, லயம் லயமாகச் சென்று ஆடிக் களைத்த உடலோடு, பின்னிரவுக் குளிரில் அவர் அந்த ஒப்பாரியைப் பாட வேண்டும். கேட்கும் பெண்கள் வாழ்நாள் முழுதும் ஒப்பாரியைக் கேட்டும் பாடியும் பழகியவர்கள். எந்த இழுப்பு உண்மையான துக்கத்துக்குரியது, எது வெறும் தொண்டை வேலை என்பதை அவர்கள் அறிவார்கள். ஐரோப்பிய அரங்கின் பத்திரிகை விமரிசகர் பலர் தாம் மதிப்பிடும் பாட்டு வகையைத் தாமே இவ்வளவு பாடிப் பழகியவர்களல்லர். ரதியின் ஒப்பாரிக்கு அவர்கள் அழுதார்களா, தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்களா என்பதே அங்கு தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

அருச்சுனன் தபசில் சோதனை வேறுவகையானது. பாசுபதம் வேண்டித் தவம் செய்யும் அருச்சுனன், நட்ட உயர்ந்த மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறான். தரையில் நின்று பாடும்போது வயிற்றிலிருந்து எழும்பும் மூச்சு, கைகால்கள் மரத்தைப் பற்றியிருக்கையில் மார்போடு நின்றுவிடுகிறது. உயரம் கூடக்கூடப் பின்பாட்டுக்காரரிடமிருந்து விலகுவதால் சுருதி நழுவும் அபாயமும் கூடுகிறது. நல்ல அருச்சுனன் இதனை முன்னறிந்து, கீழ்ப்படிகளில் நீண்ட அடிகளைப் பாடித் தீர்த்துவிட்டு, மேலே செல்லச் செல்லக் குறுகிய அடிகளை எடுத்துக்கொள்வார். உச்சியில் நின்று பாடும் பாட்டு அடுத்த மலையின் லயத்துக்கும் கேட்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

பாராட்டு மூன்று வழிகளில் வந்தது. கூத்துக்கு நடுவே பணம் அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டு, இன்னார் இன்ன வேசத்துக்குக் கொடுத்தார் என்று உரக்க அறிவிக்கப்படுவது ஒன்று. பக்கத்துத் தோட்டத்தார் வெற்றிலை வைத்து அழைப்பது மற்றொன்று. இது அயலாரின் அங்கீகாரமாகையால் பெரிதாக எண்ணப்பட்டது. மூன்றாவது வழி, கட்டிய வேசத்தின் பெயர் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொள்வது. அவ்வாறு ஒட்டிய பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் எழுதப்பட்ட பெயரைவிட நீண்டகாலம் வழங்கியது. இவை மூன்றும் நுண்மையான மதிப்பீடுகள். ஆனால் மூன்றும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டவை. செக்ரோலில் ஒருவருடைய நாட்சம்பளக் கணக்கு இருக்கும், அவர் ரதியாகப் பாடிய செய்தி இராது.

இலங்கையின் பிற தமிழ்ப் பகுதிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த இசைநாடகம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றி, காங்கேசன்துறையைச் சேர்ந்த வி. வி. வைரமுத்து (1924–1989) என்ற பெருங்கலைஞரைத் தந்தது. 'நடிகமணி' என்ற பட்டம் பெற்ற அவர், அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் பாடி நடித்த சிறப்பு பத்திரிகைகளிலும் நூல்களிலும் ஆய்வரங்குகளிலும் பேசப்பட்டது. சமூகத்தின் அடித்தட்டிலிருந்து வந்த ஒரு பாடகருக்கு எழுத்துலகம் தந்த அங்கீகாரம் என்ற வகையில் அது பெருமைக்குரிய செய்தியே. மட்டக்களப்பின் கூத்துக்கும் அத்தகைய கவனம் கிடைத்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை நவீன மேடைக்கு ஏற்பச் சுருக்கி அரங்கேற்றினார். சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' 1956இல் சிங்கள மரபு நாடகத்துக்குத் தேடித் தந்த மதிப்பு அம்முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று. 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிப் பாடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் கூத்தின் முதன்மையான ஆய்வாளர்களில் ஒருவராகவும் விளங்கினார். அவரில் பாடகரும் விமரிசகரும் ஒன்றானதால், அந்த வேசத்தின் புகழ் அவரோடு மறையாமல் எழுத்தாயிற்று.

பேராதனை அமைந்திருப்பது மலைநாட்டிலேயே. ஆனால் அந்த மறுமலர்ச்சி முதன்மையாக நோக்கியது மட்டக்களப்பையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும்தான். சில மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய தோட்டங்களின் காமன்கூத்துக்குக் கல்விசார் கவனம் பிந்தியே வந்தது. இது வித்தியானந்தனின் பெரும்பணியைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. பல்கலைக்கழகத்துக்குள் கூத்தைக் கொண்டுவந்தவர்கள் அக்கூத்து வழங்கிய ஊர்களிலிருந்தே வந்திருந்தார்கள், தோட்டப் பாடசாலைகளோ அக்காலத்தில் தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பும் நிலையில் இருக்கவில்லை என்ற கல்வி வரலாற்றோடு இது பின்னிப் பிணைந்தது. மலையகத்தின் பாட்டு மரபை எழுத்தில் ஏற்றும் பணியை அதனால் மலையகத்தாரே மேற்கொள்ள நேர்ந்தது. மடக்கொம்பரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மாத்தளை வடிவேலன் மாரியம்மன் வழிபாட்டையும் மரபுக் கலைகளையும் பற்றி எழுதினார். அந்தனி ஜீவா நாடகக்காரராகவும் 'கொழுந்து' இதழின் ஆசிரியராகவும் மலையக அரங்கைப் பேசுபொருளாக்கினார். இவர்களுடைய உழைப்பு இல்லையேல் இத்தொடருக்கே ஆதாரம் இராது. ஆயினும் நாட்டாரியல் துறைக்கு உரிய பொதுவான ஒரு வழக்கம் இங்கும் செயற்பட்டது: பாடல் ஒரு சமூகத்தின் சொத்தாகக் கருதப்பட்டதால், பாடியவரின் தனித்திறன் பின்னுக்குப் போயிற்று. ரதியின் ஒப்பாரி அச்சேறும்போது சொற்கள் ஏறுகின்றன. அச்சொற்களை எந்த இடத்தில் நீட்டினார், எங்கே குரலை உடைத்தார், எங்கே நிறுத்திவிட்டுத் தப்புக்கு இடம் கொடுத்தார் என்பவை ஏறுவதில்லை. ஓபராவின் விமரிசனம் இதற்கு நேர்மாறானது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டை இந்தப் பாடகர் எப்படிப் பாடினார் என்பதே அதன் முதன்மையான அக்கறை. மலையகக் கூத்துக்கு இன்று தேவைப்படுவது இந்த இரண்டாவது வகை எழுத்து.

எழுத்து இல்லாத குறையை ஆள்வழித் தொடர்ச்சி ஓரளவு ஈடுசெய்திருக்கக்கூடும். வாத்தியாரின் பாங்கு மாணாக்கரின் தொண்டையில் வாழும். அத்தொடர்ச்சியையும் அரசியல் அறுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று, எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னொரு பேச்சுக்கு விடப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. இந்தப் பங்கீடு குடும்பங்களைப் பிரித்ததைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது; அது கூத்துக்குழுக்களைப் பிரித்தது பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஒரு காமன்கூத்துக் குழுவென்பது பல ஆண்டுகள் சேர்ந்து பாடிப் பழகிய ரதியும் மன்மதனும், அவர்கள் மூச்சறிந்து தணியும் தப்புக்காரரும், அடியை வாங்கும் பின்பாட்டுக்காரரும் ஆகியோரின் கூட்டு. இவர்களுள் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வந்து மன்னார் வழியாகக் கப்பலேற நேர்ந்தால், போனவரின் வேசத்தை இன்னொருவர் கட்டலாம். தர்க்கப் பாட்டில் விட்ட சுருதியை எடுக்கும் செவியை உடனே உண்டாக்க முடியாது. போனவர்களில் பலர் நீலகிரிக்குச் சென்றனர். அங்கே தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் மறுபடியும் லயங்களையும் கொழுந்து மலைகளையும் உண்டாக்கியது. ஆகவே மலையகக் கூத்துப் பாட்டின் வரலாற்றை ஹட்டனில் மட்டும் தேடினால் அது பாதி வரலாறாகவே இருக்கும்.

ஒலிப்பதிவு பிந்தியாவது வந்திருக்கிறது. ஒலிநாடாக் காலத்தில் தொடங்கி, இறுவட்டுகளைக் கடந்து, இன்று கைபேசிகளில் மாசி மாதந்தோறும் மணிக்கணக்கில் கூத்து பதிவாகிறது. ஆனால் இப்பதிவுகள் பலவற்றில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன, பாடுபவரின் பெயர் இருப்பதில்லை. தவிரவும் கைபேசியின் ஒலிவாங்கி தப்பின் முழக்கத்தில் திணறிக் குரலை விழுங்கிவிடுகிறது. தப்புக்காரரிடமிருந்து விலகி, பின்பாட்டுக்காரரின் பக்கமாக நின்று பதிவுசெய்தாலே குரல் எவ்வளவோ தெளிவாகக் கிடைக்கும். பதிவோடு சில விவரங்களும் எழுதப்பட வேண்டும்: வேசக்காரரின் பெயரும் வயதும், எந்த ஆண்டிலிருந்து அந்த வேசத்தைக் கட்டுகிறார் என்பதும், அவருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார், அந்த வாத்தியார் எந்தத் தோட்டத்தார் என்பதும், அவருக்கு முன் அதே வேசத்தைக் கட்டியவர் யார் என்பதும். அவ்வேசக்காரர் அனுமதித்தால், அதே ஒப்பாரியை வேறொரு ஆண்டிலும் பதிவுசெய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். தோட்டத்து மூத்த பெண்களை உட்காரவைத்து அப்பதிவுகளைக் கேட்கச் செய்து, எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதினால், மலையகக் கூத்தின் முதல் விமரிசன நூலுக்கு உரிய பக்கங்கள் அங்கிருந்து தொடங்கும். இந்தப் பணிக்குப் பெரும் நிதியோ நிறுவனமோ தேவையில்லை. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியரும், ஒரு கைபேசியும், ஒரு குறிப்பேடும் போதுமானவை.

(தொடரும். அடுத்த பகுதியில்: பொன்னர் சங்கரின் படுகளமும் உடுக்கடிப் பாட்டும்)